ஏழு நிமிஷக் கடல்: ரேச்சல் கார்சன் அறிவியல் சொன்ன விதம்

(ஒலி அத்தியாயத்தின் எழுத்து வடிவம். தடுமாற்றங்களும் திரும்பத் திரும்பச் சொன்னவையும் நீக்கப்பட்டுள்ளன. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு விருந்தினர் யாரும் இல்லை, நான் மட்டும்தான். ஒரு கடல் அறிவியலாளரைப் பற்றிப் பேசப் போறேன். அவங்க பேர் ரேச்சல் கார்சன்.

பேரைக் கேட்டதுமே பல பேருக்கு 'சைலண்ட் ஸ்பிரிங்' நினைவுக்கு வரும். 1962, பூச்சிமருந்து, டிடிடி. போட்டித் தேர்வுக்குப் படிச்சவங்க இதை ஒரு வரிக் கேள்வியா மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. நான் பேசப் போறது அந்தப் புத்தகத்துக்கு முன்னாடி இருந்த முப்பது வருஷத்தைப் பற்றி. அந்த முப்பது வருஷமும் அவங்க படிச்சது, சொல்லிக்கொடுத்தது, எழுதினது எல்லாமே பெரும்பாலும் தண்ணிக்குள்ள இருக்கிற உயிர்களைப் பற்றித்தான்.

ஏன் இவங்களை எடுத்தேன்? இரண்டு காரணம். முதல் காரணம், கடல் சம்பந்தமா அவங்களுக்குக் கிடைச்ச முதல் சம்பள வேலை வானொலிக்கு எழுதுறது. 52 அத்தியாயம், ஒவ்வொன்னும் ஏழு நிமிஷம். வருஷம் 1935. இன்னைக்கு நாம அதுக்குப் பாட்காஸ்ட்னு பேர் வச்சிருக்கோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது காரணம் உங்க கடிதங்கள். "ஆராய்ச்சி பண்ண ஆசை. வீட்டு நிலைமை விடலை. முனைவர் பட்டம் முடிக்காம வேலைக்கு வந்துட்டேன். இனிமே நான் அறிவியல் ஆள்னு சொல்லிக்க முடியுமா?" என்று கேட்டு வாரத்துக்கு ஒன்னாவது வருது. நான் மென்பொருள் வேலை பார்க்கிற ஆள், ஆராய்ச்சியாளன் இல்லை. அதனால இதுக்கு என் பதிலைச் சொல்றதைவிட, இதே நிலைமையில நின்ன ஒருத்தர் அடுத்து என்ன பண்ணாங்கன்னு சொல்றது நல்லதுன்னு தோணுச்சு.

கடலே இல்லாத ஊர்

கார்சன் 1907-இல் பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்பிரிங்டேல் என்கிற சின்ன ஊரில் பிறந்தாங்க. பக்கத்தில் அலெகெனி ஆறு ஓடும். கடல் பல நூறு கிலோமீட்டர் தள்ளி. அம்மா மரியாதான் முதல் வாத்தியார். தோட்டத்துக்கும் காட்டுக்கும் கூட்டிக்கிட்டுப் போய்ப் பறவை, பூச்சி, செடி எல்லாம் காட்டுவாங்க. இந்தப் பொண்ணு பத்து பதினோரு வயசிலேயே கதை எழுதி, அது சிறுவர் பத்திரிகையில் அச்சிலும் வந்துடுச்சு. எழுத்தாளர் ஆகணும் என்பதுதான் அப்போதைய திட்டம்.

1925-இல் பிட்ஸ்பர்க்கில் இருந்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்ததும் ஆங்கில இலக்கியத்துக்குத்தான். அங்கே மேரி ஸ்கிங்கர் என்கிற உயிரியல் பேராசிரியர் பாடம் எடுத்தாங்க. கட்டாயப் பாடமா போய் உட்கார்ந்த வகுப்பு. அந்த வகுப்பு கார்சனின் பட்டப்படிப்பையே மாத்திடுச்சு. இலக்கியத்தை விட்டுட்டு உயிரியலுக்கு மாறினாங்க. பெண்களுக்கு அறிவியலில் வேலை கிடைப்பதே அரிதா இருந்த காலம் அது. சுத்தி இருந்தவங்க, "இவ்வளவு நல்லா எழுதுற பொண்ணு இப்படிப் பண்றாளே" என்று வருத்தப்பட்டிருக்காங்க. கார்சனும் அப்போ, எழுத்தை நிரந்தரமா விட்டுட்டோம்னுதான் நினைச்சாங்க. எழுதுறதுக்கான விஷயத்தைத்தான் சேர்த்துக்கிட்டு இருந்தோம் என்பது பிறகுதான் புரிஞ்சதுன்னு பின்னாளில் சொல்லியிருக்காங்க.

1929-இல் பட்டம் வாங்கினாங்க. அந்தக் கோடையில் மாசசூசெட்ஸ் கரையில் இருக்கிற வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்துக்குப் போனாங்க. வாழ்க்கையில் முதல் தடவையா கடலைப் பார்த்தது அங்கேதான். வயசு 22. கடலைப் பற்றி உலகத்துக்கே பாடம் எடுத்தவங்க 22 வயசு வரைக்கும் கடலையே பார்த்ததில்லை!

பணம் தீர்ந்த இடத்தில் நின்ன படிப்பு

அதே வருஷம் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் மேற்படிப்பு. முதல் வருஷத்துக்குக் கல்வி உதவித்தொகை இருந்தது. அக்டோபரில் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிஞ்சு பெரும் பொருளாதார நெருக்கடி ஆரம்பிச்சது. பெற்றோரும் பால்டிமோருக்கே வந்து இவங்களோட தங்கினாங்க. ஆக, படிக்கிற பொண்ணுதான் வீட்டையும் பார்த்துக்கணும். முழுநேர மாணவியா இருந்தவங்க பகுதிநேரத்துக்கு மாறினாங்க. ஆய்வகத்தில் எலிகளையும் பழ ஈக்களையும் வச்சு நடந்த ஆராய்ச்சியில் உதவியாளர் வேலை. கோடைப் பள்ளியில் மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு. கொஞ்ச காலம் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் வேலை.

1932-இல் முதுகலைப் பட்டம் கிடைச்சது. ஆய்வேட்டுத் தலைப்பு, கெளுத்தி மீனின் சிறுநீரக வளர்ச்சி. மீன் கருவாக இருக்கும்போது முதலில் ஒரு தற்காலிகச் சிறுநீரகம் உருவாகும். நிரந்தரமானது வந்த பிறகு அது ஒதுங்கிடும். அந்தத் தற்காலிக உறுப்பு எப்படி வளருது, எவ்வளவு நாள் வேலை செய்யுதுன்னு நுண்ணோக்கியில் பார்த்து எழுதினாங்க. பொறுமையான வேலை. இதில் கவிதைக்கு இடமே கிடையாது.

அடுத்து முனைவர் பட்டம். முயற்சி பண்ணாங்க, பணம் இல்லை. 1934-இல் படிப்பை விட்டாங்க. 1935-இல் அப்பா இறந்துட்டார். சேமிப்பு கிடையாது, அம்மா இவங்களை நம்பி இருக்காங்க. எனக்கு வரும் கடிதங்களில் இருக்கிற அதே நிலைமை.

ஒன்னைத் தெளிவா சொல்லிடறேன். "கஷ்டம்தான் அவங்களைப் பெரிய ஆளாக்குச்சு"ன்னு நான் சொல்லவே மாட்டேன். பணம் இருந்திருந்தா அவங்க முனைவர் பட்டம் முடிச்சு என்ன கண்டுபிடிச்சிருப்பாங்கன்னு நமக்குத் தெரியாது. ஒரு கதவு மூடினது இழப்புதான். இன்னைக்கும் அந்தக் கதவு நிறைய பேருக்கு மூடிக்கிட்டேதான் இருக்கு. அதை அழகுபடுத்த வேண்டாம். அடுத்து கிடைச்ச வேலையை அவங்க எப்படிப் பார்த்தாங்க என்பதுதான் நம்ம விஷயம்.

ஏழு நிமிஷம்

அமெரிக்க அரசாங்கத்தின் மீன்வளத் துறை வானொலியில் ஒரு தொடர் நடத்தினது. பேர் 'ரொமான்ஸ் அண்டர் தி வாட்டர்ஸ்'. மொத்தம் 52 பகுதி. எலமர் ஹிக்கின்ஸ் என்கிற அதிகாரி பொறுப்பில் இருந்தார். அவருக்கு ஒரு தலைவலி. துறை விஞ்ஞானிகள் எழுதிக் கொடுத்தால் கேட்கிறவங்க தூங்கிடுவாங்க. வானொலிக்காரங்க எழுதினால் மீனைப் பற்றி ஒன்னும் சரியா வராது. வேலை கேட்டு வந்த கார்சன்கிட்ட, ஒரு வரி எழுதிக்கூட பார்த்ததில்லை, இருந்தாலும் துணிஞ்சு தர்றேன்கிற மாதிரி சொல்லி வேலையைக் கொடுத்தார். வாரத்துக்கு ரெண்டு நாள் வேலை.

ஏழு நிமிஷம்னா எவ்வளவுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. ஆங்கிலத்தில் நிதானமா படிச்சா நிமிஷத்துக்கு 130, 140 சொல் வரும். மொத்தமே ஆயிரம் சொல்லுக்குள்ள. கேட்கிறவங்க சமையலறையில் பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்கலாம். படம் காட்ட முடியாது. ஒரு சொல் புரியலைன்னா பின்னாடி திருப்பிக் கேட்கவும் வழியில்லை. எங்களுக்காவது பத்து நொடி பின்னாடி போற பொத்தான் இருக்கு!

இந்த நெருக்கடியில்தான் அவங்க ரெண்டு படிப்பும் ஒன்னா வேலை செய்ய ஆரம்பிச்சது. விலங்கியல் படிச்சதால எதை விட்டா தப்பாகும்னு தெரியும். இலக்கியம் படிச்சதால எதைச் சொன்னா காதில் நிற்கும்னு தெரியும். வகுப்பு எடுத்த அனுபவம் வேற, மாணவன் எந்த இடத்தில் முழிப்பான்னு காட்டிக் கொடுத்திருக்கும்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. வானொலிக்குப் படிச்சதை அவங்க வீணாக்கலை. அதே தகவல்களை வச்சு 'பால்டிமோர் சன்' பத்திரிகைக்குக் கட்டுரை எழுதினாங்க. ஷாட் என்கிற மீனைப் பற்றி ஒன்னு. வங்காளிகள் உயிரைக் கொடுக்கும் ஹில்சாவுக்கு அது தூரத்துச் சொந்தம். கடலில் வளர்ந்து, முட்டையிட ஆத்துக்குள்ள ஏறி வரும். செசபீக் விரிகுடாவில் அது ஏன் குறைஞ்சுக்கிட்டே போகுதுன்னு 1936-லேயே எழுதினாங்க. கட்டுரையில் போட்ட பேர் ஆர். எல். கார்சன். மீன்பிடிப்பைப் பற்றி எழுதுறது பெண் என்று தெரிஞ்சா மதிக்க மாட்டாங்களோ என்கிற யோசனை. முதல் எழுத்தை மட்டும் போட்டா படிக்கிறவங்க ஆண்னு நினைச்சுப்பாங்க.

அதே 1936-இல் அரசுப் பணித் தேர்வு எழுதி, அதில் முதலிடத்தில் வந்து, மீன்வளத் துறையில் இளநிலை நீர்வாழ் உயிரியலாளரா நிரந்தர வேலைக்குச் சேர்ந்தாங்க. அந்தத் துறையில் இந்த மாதிரித் தொழில்முறைப் பதவிக்கு வந்த ரெண்டாவது பெண். அடுத்த வருஷமே அக்கா இறந்துட்டாங்க. அக்காவின் ரெண்டு பெண் குழந்தைகளை அம்மாவும் இவங்களும் சேர்ந்து வளர்த்தாங்க. பகலில் அலுவலகம், ராத்திரியில் எழுத்து. பல வருஷம் இதுதான் அட்டவணை.

மீனோட இடத்தில் நின்னு பார்க்கிறது

ஹிக்கின்ஸ் ஒருநாள் துறையின் கையேட்டுக்கு அறிமுகம் எழுதச் சொன்னார். கார்சன் எழுதிக் கொடுத்ததைப் படிச்சுட்டு, "இது அரசாங்கக் கையேட்டுக்கு ஆகாது, வேற எழுதுங்க. இதை அட்லாண்டிக் இதழுக்கு அனுப்புங்க"ன்னு சொன்னாராம். இப்படி ஒரு மேலதிகாரி கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும். 1937 செப்டம்பரில் 'அண்டர்சீ' என்கிற தலைப்பில் அது 'அட்லாண்டிக் மந்த்லி'யில் வந்தது. அதைப் படிச்ச பதிப்பகத்தார் புத்தகம் எழுதச் சொல்லிக் கேட்டாங்க.

அப்படி வந்ததுதான் முதல் புத்தகம், 'அண்டர் தி சீ-விண்ட்', 1941. இதில் மனுஷன் கதாநாயகன் இல்லை. ஒரு சாண்டர்லிங் கரைப்பறவை, நம்ம கானாங்கெளுத்திக்குச் சொந்தமான ஒரு மீன், ஒரு விலாங்கு. இவங்கதான் பாத்திரங்கள். விலாங்கை எடுத்துக்கோங்க. அமெரிக்க விலாங்கு குளத்திலும் ஆத்திலும் பல வருஷம் வளரும். பிறகு ஒரு நாள் கிளம்பி ஆறு வழியா கடலுக்குப் போய், நடு அட்லாண்டிக் பக்கம் சர்காசோ கடலில் முட்டையிட்டுச் செத்துப்போகும். குஞ்சுகள் அங்கே இருந்து நீரோட்டத்தில் மிதந்து, அப்பா அம்மாவைப் பார்க்காமலேயே கரைக்கு வரும். பாடப்புத்தகத்தில் இது "வலசை" என்கிற ஒரு சொல். கார்சன் நம்மளை விலாங்கோட கூடவே குளத்திலிருந்து கிளம்ப வைக்கிறாங்க. நேரத்தைக் கடிகாரத்தால் சொல்ல மாட்டாங்க. ஓதம் ஏறுது, இறங்குது, வெளிச்சம் வருது, தண்ணி குளிருது, அதுதான் கணக்கு.

நான் கவனிச்சது என்னன்னா, எளிமையா சொல்றது வேற, தகவலைக் குறைச்சுச் சொல்றது வேற. அவங்க தகவலைக் குறைக்கலை. பார்க்கிற இடத்தை மாத்தினாங்க. கரையில் நின்னுக்கிட்டு மீனைப் பற்றிச் சொல்லாம, கேட்கிறவரைத் தண்ணிக்குள்ள இறக்கிட்டாங்க. இறங்கினவருக்கு அழுத்தம், இருட்டு, உப்பு எல்லாம் தானா முக்கியமாயிடும்.

புத்தகம் நவம்பரில் வந்தது. டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்குதல். நாடே போருக்குள்ள போயிடுச்சு. புத்தகம் ரெண்டாயிரம் பிரதிகூட விற்கலை.

காகிதம் வந்து சேரும் மேசை

போர்க் காலத்தில் இறைச்சிக்குத் தட்டுப்பாடு. மக்கள் அதிகம் சாப்பிடாத மீன்களை அறிமுகப்படுத்த அரசாங்கச் சிறுநூல்கள் எழுதுற வேலை கார்சனுக்கு வந்தது. அதிலும் சமையல் குறிப்பு மட்டும் சொல்லாம, அந்த மீன் எங்கே வாழுது, எப்படி வாழுதுன்னு எழுதினாங்க. பிறகு வனவிலங்குப் புகலிடங்களைப் பற்றி 'கன்சர்வேஷன் இன் ஆக்‌ஷன்' என்கிற வரிசை. 1949-இல் மீன், வனவிலங்குத் துறை வெளியீடுகளுக்கெல்லாம் தலைமைப் பதிப்பாசிரியர் ஆனாங்க.

கேட்க சாதாரண அலுவலக வேலை மாதிரி இருக்கும். மென்பொருள் ஆட்களுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். நம்ம நிறுவனங்களில் ஆவணம் எழுதுறவருக்கு மரியாதை கொஞ்சம் கம்மிதான். நிரல் எழுதுறவர்தான் "உண்மையான" ஆள். ஆனா ஒரு அமைப்பு முழுசும் எப்படி இயங்குதுன்னு யாருக்குத் தெரியும்? பல சமயம் அந்த ஆவணம் எழுதுறவருக்குத்தான். ஏன்னா எல்லா அணியோட காகிதமும் அவர் மேசைக்கு வரும், எல்லாரையும் அவர் கேள்வி கேட்டாகணும். கார்சன் உட்கார்ந்திருந்தது அந்த மேசை. நீர்மூழ்கிக் கப்பல், படைகள் கரையிறங்குறது, ஒலியை வச்சு ஆழம் பார்க்கிறது என்று போர் காரணமா கடல் ஆராய்ச்சி திடீர்னு பெருகியிருந்தது. ஒவ்வொரு விஞ்ஞானியும் தன் துண்டைப் பார்த்துக்கிட்டு இருந்தார். எல்லாத் துண்டையும் சேர்த்துப் பார்க்கிற இடத்தில் இருந்தது இவங்க.

நேரிலேயும் போய்ப் பார்த்தாங்க. 1949-இல் துறையின் ஆய்வுக் கப்பல் 'அல்பட்ராஸ் III' ஜார்ஜஸ் பேங்க் என்கிற மீன்பிடித் திட்டுக்குப் போகும்போது தானும் வரணும்னு கேட்டாங்க. கப்பல் முழுக்க ஆண்கள், ஒரு பெண்ணை ஏத்துறதான்னு தயக்கம். கடைசியில் என்ன முடிவு பண்ணாங்க தெரியுமா? ஒரு பெண் வந்தா சரிப்படாது, ரெண்டு பேரா வந்தா பரவாயில்லை! அதனால தன் இலக்கிய முகவர் மேரி ரோடெலையும் துணைக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. அதே வருஷம் ஃபுளோரிடாவில் தலைக்கவசம் மாட்டிக்கிட்டுக் கடலுக்குள்ள இறங்கினாங்க. வானிலை சரியில்லை, ஏணியைப் பிடிச்சுக்கிட்டு கொஞ்ச ஆழம்தான். தண்ணியின் மேற்பரப்பைக் கீழே இருந்து பார்த்தது அப்போதான்.

இதெல்லாம் சேர்ந்து 1951-இல் 'தி சீ அரௌண்ட் அஸ்' ஆனது. நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் 86 வாரம் இருந்தது. அடுத்த வருஷம் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது. பத்து வருஷமா தூங்கின முதல் புத்தகத்தை மறுபடி அச்சடிச்சாங்க, அதுவும் விற்பனைப் பட்டியலுக்கு வந்தது. 1952-இல் அரசு வேலையை விட்டாங்க.

அந்தப் புத்தகத்தில் கடலடி வண்டலைப் பற்றி ஒரு அத்தியாயம் இருக்கு. கரையிலிருந்து வரும் மண், எரிமலைச் சாம்பல், விண்கல் தூசி, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்களின் ஓடுகள். இதெல்லாம் கோடிக்கணக்கான வருஷமா நிக்காம கடல் தரையில் விழுந்துக்கிட்டே இருக்கு. அதை அவங்க பனிப்பொழிவுக்கு ஒப்பிட்டாங்க. அமெரிக்க வாசகருக்கு அது சட்டுனு புரியும். பனியே விழாத ஊர்க்காரங்ககிட்ட நான் சொல்லணும்னா, பரண்மேல வருஷக்கணக்கா படியும் தூசியைச் சொல்வேன். ஒப்புமையை ஊருக்கு ஊர் மாத்திக்கலாம். அடுத்த பகுதியை மாத்த முடியாது. வண்டல் எவ்வளவு தடிமன்னு எப்படித் தெரியும்? கடலில் வெடி வெடிப்பாங்க. ஒரு எதிரொலி தரையின் மேல்மட்டத்தில் பட்டு வரும். இன்னொன்னு வண்டலைத் தாண்டி அடியில் இருக்கிற பாறையில் பட்டு, கொஞ்சம் தாமதமா வரும். அந்த இடைவெளிதான் அளவு. பனிப்பொழிவு என்கிற படத்தோட நிறுத்தாம, "இது நமக்கு எப்படித் தெரியும்" என்பதையும் சொன்னாங்க. நல்ல ஆசிரியரை நான் அடையாளம் கண்டுக்கிறது இந்த இடத்தில்தான்.

அந்தப் புத்தகத்தை ஹாலிவுட்டில் படமும் எடுத்தாங்க. இர்வின் ஆலன் இயக்கினது. கதைவசனத்தைப் படிச்ச கார்சனுக்குக் கோபம், அறிவியல் தப்பு நிறைய. திருத்தச் சொல்லி எழுதினாங்க, ஆனா ஒப்பந்தப்படி முடிவு அவங்க கையில் இல்லை. படத்துக்கு ஆஸ்கர் விருதே கிடைச்சது. இருந்தாலும் அதுக்குப் பிறகு தன் புத்தகத்தைப் படமாக்கும் உரிமையை அவங்க யாருக்கும் கொடுக்கலை. மக்களிடம் கொண்டு போறது முக்கியம்தான், எதை வேணாலும் கொண்டு போகலாம்னு அதுக்கு அர்த்தம் இல்லையே.

"இது என்ன" என்பதிலிருந்து "இது ஏன் இங்கே"

மூணாவது புத்தகம் 'தி எட்ஜ் ஆஃப் தி சீ', 1955. முதலில் கடற்கரை உயிரினங்களுக்கு ஒரு கையேடு என்றுதான் திட்டம். இது இந்த நண்டு, இது இந்தச் சிப்பி என்கிற மாதிரி. எழுத எழுத அவங்களுக்கே ஒட்டலை. அமைப்பையே மாத்தினாங்க. பாறைக் கரை, மணல் கரை, பவளக் கரை என்று மூணு உலகம். ஒவ்வொன்னிலும் வாழ்றதுக்கு என்ன பிரச்சினை, எந்த உயிர் அதை எப்படிச் சமாளிக்குது. அலை அடிக்கிற பாறையில் கெட்டியா ஒட்டிக்கணும், மணலில் புதைஞ்சுக்கணும். "இது என்ன" என்பது பேரோட முடிஞ்சிடும். "இது ஏன் இங்கே" என்று கேட்டா நீங்களே அடுத்த கரைக்குப் போய் யோசிக்கலாம்.

அதுக்குப் படம் வரைஞ்சவர் பாப் ஹைன்ஸ். பாறைக்குழிகளில் தேங்கி நிற்கும் குளிர்ந்த கடல்தண்ணியில் கார்சன் மணிக்கணக்கா நின்னு பார்ப்பாங்களாம். உடம்பு மரத்துப்போய், அவங்களை ஹைன்ஸ் தூக்கிக்கிட்டு வரவேண்டிய நிலைமைகூட வந்திருக்கு. பிடிச்சுட்டு வந்த உயிர்களை நுண்ணோக்கியில் பார்த்து முடிச்சதும், வாளியில் எடுத்துக்கிட்டுப் போய் எடுத்த இடத்திலேயே திரும்ப விடுவாங்க.

1956-இல் ஒரு பெண்கள் பத்திரிகையில் குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாங்க. ரோஜர் என்கிற பேரப்பையன், அதாவது அக்கா மகளோட பிள்ளை. அவனை மேய்ன் மாநிலக் கடற்கரைக்கும் காட்டுக்கும் கூட்டிக்கிட்டுப் போன அனுபவம். கட்டுரையின் சாரம் இது: பெத்தவங்களுக்குப் பூச்சி பேரும் நட்சத்திரப் பேரும் தெரியலையேன்னு கவலை வேண்டாம். குழந்தைக்கு முதலில் வேண்டியது வியப்பு. வியப்பு வந்தா தகவலை அதுவே தேடிக்கும். கூடவே நின்னு வியக்கிற ஒரு பெரியவங்க இருந்தா போதும். அடுத்த வருஷம் அந்தப் பையனோட அம்மா இறந்துபோக, கார்சனே அவனைத் தத்தெடுத்து வளர்த்தாங்க.

சொன்னதை மாத்திச் சொல்ற தைரியம்

'தி சீ அரௌண்ட் அஸ்' வந்தபோது கடல் தளங்கள் நகருது என்கிற கோட்பாடு இன்னும் உருவாகலை. நிலா பசிபிக்கிலிருந்து பிய்ச்சுக்கிட்டுப் போனது என்கிற அன்றைய கருத்தெல்லாம் அதில் இருக்கு. இன்னைக்கு அது ஏற்கப்படுறதில்லை. அறிவியல் புத்தகத்துக்கு இது இயல்பு.

ஆனா ஒரு விஷயத்தில் அவங்களே மாறினாங்க. 1951-இல், மனுஷனால நிலத்தைக் கெடுக்க முடிஞ்ச மாதிரி கடலை ஒன்னும் பண்ண முடியாது, அது அவ்வளவு பெரிசு என்கிற நம்பிக்கை அவங்களுக்கு இருந்தது. 1961-இல் திருத்திய பதிப்பு வந்தபோது முன்னுரையில் அதை வெளிப்படையா மறுத்தாங்க. அணுக்கழிவைக் கடலில் கொட்டிக்கிட்டு இருந்தாங்க. அது நீரோட்டத்தில் எங்கே போகும், மிதவை உயிர்கள் வழியா மீனுக்கும் மனுஷனுக்கும் எப்படி வரும்னு தெரியாமலேயே கொட்டுறாங்கன்னு எச்சரிச்சாங்க. கடல் பெரிசுதான், ஆனா அது எல்லாத்தையும் எல்லாத்தோடயும் இணைக்குது என்பது கடலைப் படிச்சவங்களுக்குத் தெரியும்.

அடுத்த வருஷம் 'சைலண்ட் ஸ்பிரிங்' வந்தது. தெளிச்ச மருந்து தெளிச்ச இடத்தில் நிக்காது, மண், தண்ணி, புழு, பறவைன்னு போய்க்கிட்டே இருக்கும் என்பதுதான் அதன் மையம். இது கடல் அவங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்னு நான் நினைக்கிறேன்.

வேதித் தொழில்துறை பாய்ஞ்சு வந்தது. முனைவர் பட்டம் இல்லாதவங்க, உணர்ச்சிவசப்படுற பெண், இப்படியெல்லாம் தாக்கினாங்க. புத்தகத்தின் கடைசியில் 50 பக்கத்துக்கு மேல ஆதாரப் பட்டியல் இருந்தது. அதைவிடப் பெரிய ஆதாரம் ஒன்னு இருந்தது. கோடைக் கடற்கரைக்குக் கையில் அவங்க புத்தகத்தோட போன லட்சக்கணக்கான வாசகர்கள். "இந்த அம்மா நமக்குக் கடலைப் பற்றி எழுதினவங்க, வாய்க்கு வந்ததைச் சொல்ல மாட்டாங்க" என்கிற நம்பிக்கை ஒரே ராத்திரியில் வந்ததில்லை. ஏழு நிமிஷம் ஏழு நிமிஷமா, கையேடு கையேடா சேர்ந்தது. 1963-இல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் பேசினாங்க, செனட் குழு முன்னாடி சாட்சி சொன்னாங்க. அப்போ அவங்களுக்கு மார்பகப் புற்றுநோய் முத்தியிருந்தது. நோயைக் காட்டி எதிராளிகள் தன் அறிவியலைச் சந்தேகப்படக் கூடாதுன்னு அதை வெளியே சொல்லவே இல்லை. 1964 ஏப்ரல் 14-ஆம் தேதி இறந்தாங்க. வயசு 56. அமெரிக்காவில் டிடிடி-யைப் பெரும்பாலான பயன்பாட்டுக்குத் தடை பண்ணது 1972-இல்.

கடிதத்துக்குப் பதில்

சரி, அந்தக் கேள்விக்கு வருவோம். "முனைவர் பட்டம் முடிக்கலை, நான் அறிவியல் ஆளா?"

கார்சன் பெரிய கண்டுபிடிப்பு எதையும் பண்ணலை. தன்னைப் பற்றி அப்படி அவங்க சொல்லிக்கவும் இல்லை. ஆனா ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் தேடுறது, தெரியாததை நிபுணர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்கிறது, பழைய கருத்து தப்புன்னா மாத்திக்கிறது, பார்த்து முடிச்ச நண்டை எடுத்த இடத்திலேயே விடுறது, இதெல்லாம் அறிவியல் இல்லைன்னா வேற எது அறிவியல்? ஆய்வகத்தில் தெரிஞ்சுக்கிட்டது பத்து பேருக்குள்ளயே நின்னுட்டா, ஊருக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டிய நாளில் அது உதவாது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவங்க ஆராய்ச்சியில் தோத்தவங்க இல்லை. ஆராய்ச்சியின் பாதி வேலையை அவங்கதான் பண்றாங்க.

அதனால எனக்கு எழுதின நண்பர்களுக்கு: முடிஞ்சா திரும்பப் போய்ப் படிங்க. உதவித்தொகை பற்றி அடுத்த மாதம் ஒரு தனி அத்தியாயம் போடுறேன். முடியலைன்னா, உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு விஷயத்தை எடுத்து, ஆயிரம் சொல்லுக்குள்ள, உங்க அம்மாவுக்கோ பக்கத்து வீட்டுப் பையனுக்கோ புரியுற மாதிரி எழுதிப் பாருங்க. தப்பு வரக் கூடாது, தூக்கமும் வரக் கூடாது. எழுதினதை எனக்கு அனுப்புங்க. நல்லா வந்ததை இங்கேயே படிக்கிறேன், உங்க பேரோட, முழுப் பேரோட.

அடுத்த வாரம் பார்க்கலாம்.